மகளின் ஸ்கேனும் என் எக்ஸ்ரேயும்

நான் நடக்கத் தொடங்கிய நாளிலிருந்தே இடது பக்கம் சாய்ந்துதான் நடக்கிறேன். ஏன் என்று கேட்டால் எங்கள் வீட்டில் யாரும் யோசிக்காமலே பதில் சொல்வார்கள். எனக்குப் பதினோரு மாதமாக இருந்தபோது, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயம்மா என்னைப் படியில் விழ விட்டுவிட்டார், அதனால் கால் இப்படி ஆகிவிட்டது. அவ்வளவுதான் கதை.

கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகிற இடம்தான் பிள்ளைக் காம்பரா. கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தில் அது ஒரு தகரக் கூரைக் கட்டடம். உள்ளே தொட்டில்கள், பால் காய்ச்ச ஓர் அடுப்பு, வாசலில் மூன்று சிமெந்துப் படிகள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் அம்மா மேல்படியைக் காட்டி, "இதுலருந்துதான்" என்பாள். கேட்டுக் கேட்டு, நான் விழுந்தது எனக்கே ஞாபகம் இருப்பதுபோல ஆகிவிட்டது.

நான் நடை பழகி, அந்த நடை கோணலாக இருப்பதைப் பார்த்ததும், அம்மா ஒரு நாள் காலையில் பெரட்டுக்களத்தில் வைத்து, வேலைக்குப் பேர் கொடுக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் ஆயம்மாவைப் பிடித்துக்கொண்டாளாம். என்னென்ன பேசினாள் என்பதை அவள் என்னிடம் சொன்னதில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும். கொஞ்ச நாளில் ஆயம்மாவைக் காம்பரா வேலையிலிருந்து எடுத்துக் கொழுந்து மலைக்கு அனுப்பிவிட்டார்கள். வேலை போன பிறகும் தோட்டத்தில் எல்லோருக்கும் அவர் ஆயம்மாதான். எங்கள் அம்மா மட்டும் அந்தப் பெயரை வாயில் எடுக்கமாட்டாள். "அந்தப் பொம்பள" என்பாள்.

இருவரும் ஒரே தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளில் எங்களுடையது மேல் லயம், அவருடையது கீழ் லயம். கோவில் திருவிழாவில் ஆயம்மா ஒரு பக்கம் நின்றால் அம்மா மறுபக்கம் போய் நிற்பாள். பீலிக்கரையில் அவர் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தால், அவர் போகும் வரை அம்மா குடத்தோடு மேலேயே காத்திருப்பாள். இப்படியே முப்பது வருடம் போனது.

நானும் அம்மாவின் பக்கம்தான். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு நாள் தூறலில் குறுக்குப்பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தேன். ஆயம்மா கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து இடம் விட்டார்.

"காலு வலிக்குதா பாப்பா? செத்த ஒக்காந்துட்டுப் போயேன்."

நான் பதில் சொல்லவில்லை. வேகமாக நடந்தேன். வேகமாக நடந்தால் என் சாய்வு இன்னும் கூடத் தெரியும். அது எனக்குத் தெரியும், அப்படியே நடந்தேன்.

பிறகு படித்து ஆசிரியையானேன். கொட்டகலைப் பக்கத்துத் தமிழ்ப் பாடசாலை ஒன்றில் சிறு வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். பெண் பார்க்க வந்தவர்களில் இரண்டு வீட்டார் என் நடையைப் பார்த்துவிட்டுத் தேநீரை மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். மூன்றாவதாக வந்தவர் கொட்டகலை ஸ்டேஷன் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய அக்கா தயங்கித் தயங்கி என் காலைப் பற்றிப் பேச்செடுத்தபோது, அவர், "நடக்குறதுக்குத்தான் ஆட்டோ இருக்குல்ல" என்றார். அந்த ஒரு சொல்லுக்காகவே நான் சம்மதித்தேன் என்று சொன்னால் இன்றைக்கும் சிரிப்பார். கல்யாணத்துக்குப் பிறகும் மேல் லயத்தில் அம்மாவோடுதான் இருக்கிறோம்.

எங்கள் மகள் வயிற்றில் கடைசி வரை தலை திரும்பவில்லை. தலை மேலேயும் இடுப்பு கீழேயுமாக உட்கார்ந்தே இருந்தாள். நுவரெலியாவில் சத்திரசிகிச்சை செய்துதான் எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பிள்ளையின் அட்டையில் ஒரு டொக்டர் ஏதோ எழுதி, அதன் அடியில் கோடு போட்டார். என்ன என்று கேட்டேன்.

"ஆறு கிழமையில இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுக்கணும்" என்றார் தாதி. "இப்படித் திரும்பாமப் பொறக்குற புள்ளைங்களுக்கு, அதுலயும் பொம்பளப் புள்ளைன்னா, கட்டாயம் பாப்பாங்க."

அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. "நல்லாத்தானே காலை ஒதைக்கிறா. இந்த மழையில பச்சப்புள்ளையத் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்றாள். எனக்கும் பாதி மனம் அப்படித்தான் இருந்தது. வயிற்றுத் தையல் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது.

எங்கள் பகுதி மிட்வைஃப்தான் விடவில்லை. வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பாயில் கிடத்தி, இரண்டு முழங்கால்களையும் மடித்து மெதுவாக விரித்துப் பார்த்தார். வலது தொடை பாயைத் தொடுகிற அளவுக்கு விரிந்தது. இடது தொடை பாதியில் நின்றது.

"டீச்சர், அந்தத் திகதிய மட்டும் தவற விட்டுறாதீங்க" என்றார்.

ஆறாவது வாரம், அந்தத் திகதியில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் கணவர் ஆட்டோவின் இரண்டு பக்கத் திரையையும் இறக்கிக் கட்டினார். தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றம் வரைக்கும் ஒவ்வொரு குழிக்கும் வேகத்தைக் குறைத்தார். பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு எங்களைத் தாண்டிப் போயின. அவர் திரும்பிப் பார்த்து, "தூங்குறாளா?" என்று கேட்பார். நான் "ஆமாங்க" என்பேன். வழி முழுக்க எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

ஸ்கேன் அறையில் ஹீட்டர் போட்டிருந்தார்கள். ஸ்கேன் எடுக்கும் டொக்டர் நடுத்தர வயதுச் சிங்களவர். தமிழ் நன்றாகவே பேசினார். முதலில் பிள்ளைக்குப் பால் கொடுக்கச் சொன்னார். பால் குடித்துக் கண் சொருகியதும், பஞ்சு வைத்த ஒரு குழிவான படுக்கையில் அவளை ஒருக்களித்துக் கிடத்தச் சொன்னார். ஒரு போத்தலிலிருந்து பசைபோல ஒன்றைத் தன் உள்ளங்கையில் ஊற்றி, இரு கைகளுக்கு நடுவில் வைத்துச் சூடாக்கினார். "சில்லுன்னு பட்டா முழிச்சிரும்" என்றார். எத்தனையோ பிள்ளைகளைப் பார்க்கிற மனிதர், என் பிள்ளைக்காகக் கையைச் சூடாக்கியது எனக்குப் பெரிதாகப் பட்டது.

"இதுக்கு எக்ஸ்ரே எடுக்க ஏலாதா டொக்டர்?" என்று கேட்டேன்.

"இந்த வயசுல தொடை எலும்புத் தலை இன்னும் எலும்பாகல. மெத்துன்னுதான் இருக்கும். எக்ஸ்ரேல தெரியாது. சத்தத்த உள்ள அனுப்பித்தான் பாக்கணும்."

திரையில் சாம்பல் நிறத்தில் மேகம்போல என்னவோ அசைந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஓர் உருண்டை, அதைத் தாங்குகிற ஒரு கிண்ணம். வலது பக்கத்தில் உருண்டை கிண்ணத்துக்குள் நன்றாக அமர்ந்திருந்தது.

பிறகு பிள்ளையைப் புரட்டி இடது பக்கம் பார்த்தார். இங்கே கிண்ணம் அவ்வளவு ஆழமில்லை. டொக்டர் ஒரு கையால் கருவியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவள் முழங்காலை இலேசாகப் பின்னுக்கு அழுத்தினார். திரையில் அந்த உருண்டை நழுவிக் கிண்ணத்தின் விளிம்புக்கு ஏறியது. கையை விட்டதும் திரும்ப உள்ளே வந்தது.

"பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். என் கண்ணெதிரே என் பிள்ளையின் இடுப்பு கழன்று மாட்டியது. அவளோ உதட்டோரம் பால் வழியத் தூங்கிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் வலித்தது.

"புள்ளைக்கு வலிக்காது" என்றார் டொக்டர், நான் கேட்காமலே. படத்தை நிறுத்தி, அதன் மேல் இரண்டு கோடுகள் போட்டு அவற்றுக்கு நடுவே உள்ள கோணத்தை அளந்தார். அறுபது பாகைக்குக் குறையாமல் இருக்க வேண்டுமாம். ஐம்பதைத்தான் தாண்டியிருந்தது. "பயப்பட வேணாம். சரியான நேரத்துல கொண்டு வந்துட்டீங்க. இதுக்கு வைத்தியம் இருக்கு. வீட்டுல வேற யாருக்கும் இடுப்பில கோளாறு இருக்கா?"

"இல்ல டொக்டர்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

பிள்ளையைத் துடைத்துத் தூக்கிக்கொண்டு, கழற்றி வைத்திருந்த கம்பளிச் சட்டையை எடுக்க மேசையின் மறுபக்கம் போனேன். நான்கு எட்டு இருக்கும். டொக்டர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு என்ன?"

"அது சின்னதுல விழுந்தது டொக்டர்."

"யாரு சொன்னது?"

"அம்மா."

"எப்பவாவது எக்ஸ்ரே எடுத்தீங்களா?"

எடுத்ததில்லை. சின்ன வயதில் எண்ணெய் தேய்த்து நீவியிருக்கிறார்கள், எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோய்க் கட்டுப் போட்டிருக்கிறார்கள். படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. என்ன நடந்தது என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே.

அவர் எலும்பு டொக்டருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு துண்டு எழுதினார். அதில் பிள்ளையைப் பற்றி நான்கு வரி இருந்தது. கடைசி வரி என்னைப் பற்றியது.

எலும்பு டொக்டர் இளவயதுப் பெண். அவரும் சிங்களவர். எனக்குச் சிங்களம் ஓரளவு வரும் என்பதால் அவருடைய மொழியிலேயே பேசிக்கொண்டோம். அன்றைக்கே பிள்ளைக்கு வார் மாட்டினார்கள். தோளில் இரண்டு பட்டி, மார்பைச் சுற்றி ஒன்று, அதிலிருந்து இரண்டு பாதங்களுக்கும் வார். முழங்கால்கள் மடங்கி, தொடைகள் இரண்டு பக்கமும் அகன்று, பிள்ளை தவளைபோல இருந்தாள். இப்படி வைத்தால் உருண்டை கிண்ணத்துக்குள்ளேயே இருக்கும், அது உள்ளே இருக்க இருக்கத்தான் கிண்ணம் ஆழமாகும் என்று டொக்டர் விளக்கினார். இரவும் பகலும் கழற்றக்கூடாது. குளிப்பாட்டக் கூடாது, ஈரத்துணியால் துடைக்கலாம். காலைச் சேர்த்து இறுக்கித் துணி சுற்றவே கூடாது.

"பய வென்ன எபா" என்று முடித்தார். பயப்படாதே என்று அன்றைக்குச் சொன்ன இரண்டாவது ஆள் அவர். என் கணவர் வெளி வாங்கில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையை அந்தக் கோலத்தில் பார்த்ததும் எழுந்து நின்றார். கையை நீட்டினார், எங்கே பிடிப்பது என்று தெரியாமல் திரும்ப இழுத்துக்கொண்டார். பிறகு ஒரு விரலால் அவள் பாதத்தைத் தொட்டார். அவள் விரல்களை மடக்கி அவர் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாரை ஒவ்வொரு பட்டியாகத் தொட்டுப் பார்த்தாள். அதுவரை அவள்தான் தினமும் பிள்ளையைக் குளிப்பாட்டி, கால்களை நீவி நீட்டி, துணியில் இறுக்கிச் சுற்றித் தூங்க வைத்தவள். எனக்கும் அப்படித்தான் செய்து வளர்த்தவள். டொக்டர் சொன்னதை நான் சொல்லி முடித்ததும், மடித்து வைத்திருந்த சுற்றுத் துணிகளை எடுத்துப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டாள்.

அந்த வாரங்கள் சுலபமாக இல்லை. முதல் இரண்டு நாள் பிள்ளை சிணுங்கிக்கொண்டே இருந்தாள். பிறகு பழகிவிட்டாள். எங்களுக்குத்தான் பழகவில்லை. வாருக்கு அடியில் நாப்கினைச் செருக வேண்டும், வார் நனையக் கூடாது. மழைக்காலம், எதுவும் காயாது. அம்மா அடுப்புக்கு மேலே கயிறு கட்டி நாப்கின்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக் காயவைப்பாள். எல்லாத் துணியிலும் புகை மணம். பிள்ளை பார்க்க வந்தவர்கள், "ஏன் டீச்சர் இப்புடிக் கட்டிப் போட்டிருக்கீங்க, பாவமா இருக்கே" என்பார்கள். முதலில் எல்லோருக்கும் விளக்கினேன். பிறகு என் கைபேசியில் இருந்த ஸ்கேன் படத்தைக் காட்டினேன். அது யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் படம் என்று ஒன்று இருப்பதைப் பார்த்ததும் பேச்சை விட்டுவிட்டார்கள்.

அடுத்த கிழமை பிள்ளையைக் காட்டப் போனபோது எனக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். குளிர்ந்த மேசையில் மல்லாந்து படுத்து, இரண்டு கால் பெருவிரல்களையும் சேர்த்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்திரண்டு வருடம் என்னோடு இருந்த ஒன்றைப் பார்க்க ஒரு நிமிடம் போதுமாக இருந்தது.

எலும்பு டொக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பிள்ளையின் ஸ்கேனைப் பார்த்துப் பழகியிருந்ததால் அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. வலது பக்கம் கிண்ணம். இடது பக்கம் கிண்ணமே இல்லை, சாசர்போலத் தட்டையாக ஒரு மேடு. தொடை எலும்பின் தலை அதில் உட்காராமல், மேலேறி, வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.

"இது விழுந்து வந்ததில்லை" என்றார் டொக்டர். "உங்களுக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான். உங்கள் மகளுக்கு இருப்பதேதான். அவளுக்கு ஆறு கிழமையில் பார்த்துவிட்டோம். உங்களுக்கு அப்போது பார்க்க வழியில்லை."

"ஒரு வயதில் படியிலிருந்து விழுந்தேன் டொக்டர்."

"விழுந்திருக்கலாம். எல்லாப் பிள்ளைகளும் விழுகிறார்கள். விழுந்தால் எலும்பு உடையும். கிண்ணம் இப்படி வளராமல் போகாது."

"அப்போ அந்த ஆயம்மா செய்தது இல்லையா?"

டொக்டர் என்னைப் பார்த்தார். "எந்த ஆயம்மா?" என்றார்.

அவருக்கு எப்படித் தெரியும்? நான் மறுபடியும் அதே கேள்வியை வேறு விதமாகக் கேட்டேன். விழுந்ததால் இருக்கவே முடியாதா? அவர் பொறுமையாக இரண்டாம் முறையும் சொன்னார். முடியாது. யார் மேலும் தவறில்லை.

படத்தைப் பெரிய உறையில் போட்டுத் தந்தார்கள். ஆட்டோவில் வரும்போது அதை மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் பிள்ளையை வைத்துக்கொண்டேன். கணவரிடம் சொன்னேன்.

"அத்தைக்கிட்ட நீயே சொல்லு. பக்குவமாச் சொல்லு" என்றார்.

பக்குவமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மா குசினியில் ரொட்டிக்கு மாப் பிசைந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, டொக்டர் சொன்னதை அப்படியே சொன்னேன். அவள் கை மட்டும் நின்றது.

"படத்துல அது எப்புடித் தெரியும்? அவங்க என்னா அன்னிக்குக் கூட இருந்தாங்களா?" என்றாள்.

"எலும்பு எப்புடி வளந்திருக்குன்னு பாத்தாத் தெரியுமாம், அம்மா. பாப்பாவுக்கும் அதேதான். பாப்பாவ யாரு கீழ போட்டா?"

அம்மா விரலில் ஒட்டியிருந்த மாவை வழித்தாள். "அப்ப நாந்தான் ஒன்ன அப்புடிப் பெத்தேனா?" என்று கேட்டாள்.

"யாரும் வேணும்னு செய்யலம்மா. டொக்டர் அதத்தான் சொன்னாங்க."

"காலைப் புடிச்சு இழுத்து நீவுனேனே. துணியச் சுத்தி இறுக்கிக் கட்டுனேனே."

"ஒங்களுக்குத் தெரியாது. இந்தத் தோட்டத்துல யாருக்குத்தான் தெரியும்?"

அவள் அழவில்லை. அன்று நடந்ததை முதல் தடவையாக முழுசாகச் சொன்னாள். பகல் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்தபோது நான் அழுதுகொண்டிருந்தேனாம். ஆயம்மாவே முன்னால் வந்து, பிள்ளை படியில் சறுக்கி விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறார். நெற்றியில் சின்ன வீக்கம். பால் குடித்ததும் சிரித்தேனாம். அம்மாவும் அதைப் பெரிதாக எடுக்காமல் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். நான் நடக்கத் தொடங்கிய பிறகுதான் அந்த நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அவளே சொன்னா" என்றாள் அம்மா. "மறைச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது. அவளா வந்து சொன்னா."

அதற்குப் பிறகு நான்கைந்து நாள் அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் சேலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

"அந்தப் படத்த எடு. புள்ளையையும் தூக்கிக்க."

கீழ் லயத்துக்குப் போகும் படிகளில் அம்மா முன்னால் போனாள். என் வேகத்துக்காக இரண்டு இடத்தில் நின்றாள். ஆயம்மா தன் மகன் வீட்டு வாசலில் ஒரு பலகையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். கீரைத்தட்டு கையிலேயே இருந்தது. எதற்கு வந்திருக்கிறோம் என்று பயந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"அக்கா" என்றாள் அம்மா. முப்பது வருடத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் சொல் அது. "ஒரு படம் காட்டணும்."

உறையிலிருந்து எக்ஸ்ரேயை உருவி, வெளிச்சத்துக்கு நேராக உயர்த்திப் பிடித்தாள். நான் அவளுக்குக் காட்டிக் கொடுத்தபடியே விரலை வைத்துக் காட்டினாள். வலதையும் இடதையும் மாற்றிக் காட்டினாள், நான் திருத்தவில்லை.

"இது நல்ல பக்கம். இது இவ காலு. பொறக்குறப்பவே கிண்ணம் சரியா அமையலையாம். பேத்திக்கும் அப்புடித்தான். விழுந்ததுனால வந்தது இல்லையாம்க்கா. பெரிய டொக்டர் படம் புடிச்சுப் பாத்துச் சொல்லிட்டாங்க."

ஆயம்மா படத்தின் அருகே முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். அவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. வெகு நேரம் பார்த்தார்.

"விழுந்தது நெசந்தான்" என்றார். "பால் பொங்குதேன்னு உள்ள ஓடுனேன். ஒரு நிமிசம் இருக்காது. திரும்புறதுக்குள்ள புள்ள படியில கெடக்கு."

"விழுந்தாலும் அதுனால இல்லக்கா."

ஆயம்மா என் பக்கம் திரும்பினார். "அப்புடியா சொன்னாங்க பாப்பா? நீ நல்லாக் கேட்டியா?"

"ரெண்டு தடவ கேட்டேன் ஆயம்மா."

அவர் கீரைத்தட்டைப் பலகையில் வைத்தார். கையைச் சேலையில் துடைத்தார். "நாந்தான் செஞ்சேன்னுதான் நானும் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். "ஒன்ன ரோட்டுல பாக்குறப்பல்லாம் நெனப்பேன். ஒனக்குக் கல்யாணம் ஆச்சுன்னு கேட்டப்பதான் கொஞ்சம் மூச்சு வந்துச்சு."

அம்மா அவர் மேல் பழி போட்டது எனக்குத் தெரியும். அவரே தன் மேல் அதைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அதுவரை என் மனதில் ஒருபோதும் தோன்றியதில்லை.

"பெரட்டுல வச்சு நான் பேசுனதெல்லாம்..." என்று தொடங்கிய அம்மாவால் முடிக்க முடியவில்லை. ஆயம்மா அவள் முழங்கையைப் பிடித்து, "ஒக்காருங்க, ஒக்காருங்க. தேத்தண்ணி ஊத்துறேன்" என்றார்.

நானும் என் பங்குக்கு ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. "நான் பள்ளிக்கூடம் போறப்ப ஒருநா, காலு வலிக்குதான்னு கேட்டீங்க. நான் பதில் சொல்லாமப் போயிட்டேன்."

அவர் யோசித்தார். "எப்ப?" என்றார். அவருக்கு ஞாபகமே இல்லை.

அதற்குள் அவர் கண் பிள்ளையின் மேல் போயிருந்தது. வார்களைப் பார்த்தார், மடங்கிய கால்களைப் பார்த்தார். கேட்க வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். அம்மா என் கையிலிருந்து பிள்ளையை வாங்கி ஆயம்மாவிடம் நீட்டினாள்.

"வேணாம். வயசாயிருச்சு, கை நடுங்குது" என்றார் ஆயம்மா.

"ஒக்காந்து வாங்கிக்கக்கா" என்றாள் அம்மா.

உட்கார்ந்து வாங்கிக்கொண்டார். ஒரு கையை அவள் அடியில் கொடுத்து, மறு கையால் முதுகைத் தாங்கி, விரிந்த தொடைகள் இரண்டும் தன் வயிற்றின் இரு பக்கமும் வருமாறு நெஞ்சோடு சாய்த்துக்கொண்டார். அப்படித்தான் பிடிக்க வேண்டும் என்று டொக்டர் எங்களுக்குப் பொம்மையை வைத்துக் காட்டியிருந்தார். ஆயம்மாவுக்கு யாரும் காட்டவில்லை. கை நடுங்கவும் இல்லை.

அன்றைக்கு நாங்கள் பொழுது சாயும் வரை அங்கேயே இருந்தோம். அம்மாவும் ஆயம்மாவும் கீரையைச் சேர்ந்து உருவி முடித்தார்கள்.

பிள்ளைக்கு வார் பன்னிரண்டு கிழமை இருந்தது. நடுவில் இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார்கள். கடைசி முறை அதே டொக்டர் அதே மாதிரி கையைச் சூடாக்கிக்கொண்டு முழங்காலை அழுத்திப் பார்த்தார். உருண்டை அசையவில்லை. கோணம் அறுபதைத் தாண்டியிருந்தது. நான் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தேன், எனக்கு இப்போது படிக்கத் தெரியும். வார் கழற்றிய முதல் நாள், பிள்ளை கால்களை நீட்டவே இல்லை. கட்டியிருப்பதாகவே நினைத்துக்கொண்டு அப்படியே கிடந்தாள். மூன்றாம் நாள்தான் நீட்டி, தன் பாதத்தைத் தானே பார்த்து வியந்தாள். ஒரு வயதும் இரண்டு மாதமும் ஆனபோது, என் கணவர் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருக்க, அவரை நோக்கி ஆறு எட்டு வைத்து நடந்தாள். நான் பின்னால் நின்று அவள் இடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. அவர் வாளியை அப்படியே போட்டுவிட்டு உட்கார்ந்து கையை விரித்தார்.

எனக்கு அப்படிச் சரியாக்க முடியாது. காலம் கடந்துவிட்டது. இன்னும் பத்து வருடமோ கூடவோ கழித்து மாற்று மூட்டு வைக்க வேண்டியிருக்கும் என்றார் டொக்டர். இப்போதைக்கு உடற்பயிற்சி, இடது சப்பாத்துக்குள் ஒரு தடித்த அட்டை. சாய்வு கொஞ்சம் குறைந்திருக்கிறது, முதுகுவலி நிறையக் குறைந்திருக்கிறது. பாடசாலையில் பிள்ளைகள், "டீச்சர் ஒசந்துட்டாங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

அம்மாவும் ஆயம்மாவும் பிரியாத கூட்டாளிகள் ஆகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. முப்பது வருடம் பேசாமல் இருந்தவர்களுக்குப் பேச்சு அவ்வளவு சீக்கிரம் வராது. திருவிழாவில் ஒரே பக்கம் நிற்கிறார்கள். ஆயம்மாவுக்குக் காய்ச்சல் வந்தபோது அம்மா கஞ்சி வைத்துக்கொண்டு போனாள். பக்கத்து லயத்தில் ஒரு பெண்ணுக்குக் குழந்தை பிறந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே போய், கால்களை இறுக்கிச் சுற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தார்கள். அந்தப் பெண்ணின் மாமியாருக்கு அதில் கோபம்.

சென்ற மாதம் மகளுக்கு வழக்கமான சோதனைக்கு எக்ஸ்ரே எடுத்தோம். இரண்டரை வயது. மேசையில் படுக்கமாட்டேன் என்றாள். எனக்குக் கனமான ஒரு மேலங்கியை மாட்டிவிட்டு, அவள் முழங்கால்களைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். அசையாமல் இருந்தால் சாப்பிடப் பணிஸ் வாங்கித் தருவதாகச் சொன்னேன். இருந்தாள்.

டொக்டர் படத்தைத் திரையில் போட்டு, இரண்டு பக்கமும் பார்த்து, நன்றாக இருக்கிறது என்றார். இனி வருடத்துக்கு ஒரு முறை வந்தால் போதும். மகள் நாற்காலியில் ஏறி நின்று திரையை உற்றுப் பார்த்தாள்.

"இது யாரு?"

"நீதான்."

"கண்ணு எங்க?"

"இந்தப் படத்துல கண்ணு வராது. இது ஒன்னோட இடுப்பு."

அவள் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். திரையைப் பார்த்தாள். சட்டையைத் தூக்கி இன்னொரு முறை பார்த்தாள். பிறகு எனக்குக் கையைக் கொடுத்துக் கீழே குதித்து, பணிஸ் எங்கே என்று கேட்டாள்.